லெமூர் வளர்க்கலாமா டாக்டர்?

போன மாசம் ஒரு நாள் நைட் ஒன்பதரை இருக்கும், க்ளினிக் ஷட்டர இறக்கப் போற நேரத்துல ஒரு போன். ஓஎம்ஆர் பக்கம் இருந்து ஒரு தம்பி, குரல்லயே அவ்ளோ சந்தோஷம். "டாக்டர், ரிங் டெயில்டு லெமூர் குட்டி ஒண்ணு வருது, டயட் சார்ட் மட்டும் வாட்ஸப்ல போட்டு விடுறீங்களா?" லெமூர்னா மடகாஸ்கர் பக்கம் காட்டுல வாழற, குரங்குக்கு தூரத்து சொந்தமான மிருகம். எங்கருந்துப்பா வருதுன்னு கேட்டேன். "அதெல்லாம் ஒரு அண்ணன் பாத்துக்கறார் சார்." இந்த அண்ணன்களோட சரக்கு எப்படி வருதுன்னு பேப்பர் படிக்கிறவங்களுக்கே தெரியும், பாங்காக் ப்ளைட்ல துணிக்கு நடுவுல சுருட்டி வெச்சு வரும், பாதி வழியிலயே செத்துடும், மீதிய நம்ம ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் புடிப்பாங்க.

டயட் சார்ட் அனுப்பல. ஒரு மணி நேரம் பேசினேன். அதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இந்த மாதிரி போன் இப்ப அடிக்கடி வருது.

முதல்ல ஒரு மார்மோசெட் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஃபேமிலி ஷூ டப்பாக்குள்ள டவல் போட்டு ஒரு குட்டிக் குரங்க கொண்டு வந்தாங்க, "ரெண்டு நாளா ஏற மாட்டேங்குது சார், சோம்பேறி ஆயிடுச்சு"ன்னு சொன்னாங்க. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எலும்பே சரியா தெரியல, படத்துல சாம்பல் புகை மாதிரி இருக்கு, தொடை எலும்பு ரெண்டு எடத்துல உடைஞ்சிருக்கு. வாழைப்பழம், மேரி பிஸ்கட், ஏசி ரூம். வெயிலே படல, விட்டமின் டி3 இல்ல, எலும்பு கரைஞ்சு போச்சு. பாசமாத்தான் வளர்த்தாங்க, அதுல சந்தேகமே இல்ல, அந்தப் பொண்ணு அழுத அழுகைய இன்னும் மறக்கல.

லெமூர் இன்னும் கஷ்டம். 2016ல ஒரு வீடியோ சுத்துச்சு ஞாபகம் இருக்கா, மடகாஸ்கர்ல ரெண்டு பசங்க ஒரு லெமூருக்கு முதுகு சொறிஞ்சு விடுவாங்க, நிறுத்தினா அது "இங்க சொறி"ன்னு முதுகக் காட்டும். கோடிக்கணக்குல பாத்தாங்க. அப்புறம் ஆராய்ச்சி பண்றவங்க ட்விட்டர அலசிப் பாத்தா, எனக்கும் ஒண்ணு வேணும்னு சொல்றவங்க அந்த சமயத்துல கூடியிருந்தாங்க. அந்த வீடியோவுல தெரியாத விஷயம், அது ஒரு கூட்டத்துல வாழற ஜீவன், அதுவும் பொம்பளைங்க ராஜ்ஜியம். சாப்பாடு பொட்டச்சிக்குத்தான் முதல்ல, ஆண் கையில இருந்து புடுங்கித் தின்னும், அது முனகிட்டு ஒதுங்கிடும். ஆண்கள் சண்டைன்னா மணிக்கட்டுல இருக்கற சுரப்பிய வால்ல தேய்ச்சு எதிராளி மூஞ்சில நாத்தத்த வீசும். இத உங்க ஹால்ல, சோபா மேல, திரைச்சீலை மேல யோசிச்சுப் பாருங்க. குட்டில மடியில தூங்கினது பருவம் வந்தா கடிக்கும், கோரைப்பல் சும்மா இல்ல, கிழிச்சிடும்.

சாப்பாடு விஷயம் நம்ம ஊர்க்காரங்களுக்கு சுலபமா புரியும். தெற்கு மடகாஸ்கர் ஆத்தங்கரைக் காடுகள்ல இதுக்கு முக்கிய உணவே புளியமரம்தான், இலையும் பழமும். இந்த மாதிரி இலைகள்ல இருக்கற டானின்ங்கற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்த கட்டிப்போடும், உடம்பு அதுக்குப் பழகியிருக்கு. அடைச்சு வெச்சு ஆரஞ்சும் கொய்யாவும் குடுத்தா விட்டமின் சி இரும்ப உள்ள இழுக்கும், கல்லீரல்ல சேரும். ஜூக்கள்லயே பல லெமூர் வகைகளுக்கு இந்தப் பிரச்சனை வந்திருக்கு. ஃபுல் டைம் டாக்டர் இருக்கற எடத்துலயே இப்படின்னா அபார்ட்மென்ட்ல என்ன ஆகும்.

சட்டமும் இருக்கு. காட்டு உயிர் வியாபாரத்துக்கு நாடுகள் போட்டுக்கிட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்துல எல்லா லெமூரும் முதல் பட்டியல். நம்ம வனஉயிர் சட்டத்த 2022ல திருத்தினாங்க, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, இந்தப் பட்டியல் மிருகம் வெச்சிருந்தா பதிவு பண்ணணும், எங்கருந்து வந்துச்சுன்னு காட்டணும். "அண்ணன் பாத்துக்கறார்" அங்க செல்லாது. 2020ல ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட கணக்குப்படி 107 லெமூர் வகைல 103 அழிவு ஆபத்துல இருந்துச்சு, அதுல 33 விளிம்புல.

சரி, பாக்கணும்னா? சிங்கப்பூர் போறவங்க அங்க ஜூவுல ஃப்ராஜைல் ஃபாரஸ்ட்னு ஒரு எடம் இருக்கு, வளையவால் லெமூர் கம்பி இல்லாம சுத்தும். நான் ஒரு காலைல போனேன், நாலஞ்சு உக்காந்து வயித்த வெயிலுக்கு காட்டிக்கிட்டு கைய விரிச்சு, நம்ம தாத்தாங்க திண்ணைல குளிர் காயற மாதிரியே. தொடாதீங்க, தீனி போடாதீங்க. இந்த்ரிங்கற பெரிய லெமூரப் பாக்கணும்னா மடகாஸ்கர்தான், ஆண்டசிபே காட்டுல காலைல அது பாடறது ரொம்ப தூரம் கேக்குமாம், ஜூவுல அது உசுரோட நிக்கறதில்ல.

என்னோட ஃபேவரிட் ஆய்-ஆய், அதுவும் மடகாஸ்கர் லெமூர்தான். பாக்க பயமா இருக்கும்னு ஒத்துக்கறேன். ஈர்க்குச்சி மாதிரி நடுவிரல் ஒண்ணு, அதால மரத்த டொக் டொக்குன்னு தட்டிக் காது குடுக்கும், உள்ள பொந்து இருக்கற சத்தம் வந்தா பல்லால கடிச்சு ஓட்டை போட்டு அதே விரலால புழுவ வெளிய எடுக்கும். வேப்பேரி வெட்னரி காலேஜ்ல மாட்டு வயித்த விரலால சுண்டி ஸ்டெத்துல டிங்குனு கேட்டா உள்ள காத்து அடைச்சிருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்களே, அதே வேலை. இது அங்க பல கிராமத்துல அபசகுனம், பாத்தாலே அடிச்சிடுவாங்க.

நமக்கு அது புதுசா என்ன? "தேவாங்கு மாதிரி முழிக்காத"ன்னு திட்டறோமே, அந்தத் தேவாங்கு லெமூருக்கு பங்காளி. ஈர மூக்கு, சீப்பு மாதிரி கீழ்ப்பல், சொறியறதுக்குன்னே கால்ல ஒரு நகம், ரெண்டுக்கும் ஒண்ணு. மாந்திரீகம், நாட்டு மருந்துன்னு எத்தனைய புடிச்சுக் கண்ணத் தோண்டியிருக்கோம். இன்னொரு வேடிக்கை, லத்தீன்ல லெமூர்னா ராத்திரி சுத்தற ஆவி, உயிரினங்களுக்கு லத்தீன் பேர் வெச்ச லின்னேயஸ் அந்தப் பேர எடுத்ததுக்கு சொன்ன காரணமே ராத்திரில மெதுவா நடக்குதுன்னு, அவர் அப்ப அந்தப் பேருக்குள்ள வெச்சதுல இலங்கைத் தேவாங்கும் ஒண்ணு. அப்புறம் 1864ல ஸ்க்ளேட்டர்னு ஒரு விலங்கியல்காரர் லெமூர் சொந்தங்கள் மடகாஸ்கர்லயும் இருக்கு இந்தியாவுலயும் இருக்குன்னு நடுவுல ஒரு கண்டம் முழுகியிருக்கணும்னு லெமூரியான்னு பேர் வெச்சார். கண்டங்கள் நகருதுன்னு தெரிஞ்சதும் அந்தக் கணக்கு அடிபட்டுப் போச்சு, நம்ம மட்டும் இன்னும் விடல!

கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர்ல 2022ல தேவாங்குக்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 11,806 ஹெக்டேர், நாட்டுலயே இதுக்குன்னு முதல் சரணாலயம். திண்டுக்கல்ல இருக்கற காலேஜ் ஃப்ரெண்டு அவங்க மாமனார் தோட்டத்துக்கு ஒரு நைட் கூட்டிட்டுப் போனான், டார்ச்சுல சிவப்பு காகிதம் சுத்தி. முக்கால் மணி நேரம் கொசுக்கடிதான். அப்புறம் முள்வேலில ரெண்டு செம்புள்ளி. குச்சிக் கால், ஒவ்வொரு கையா எடுத்து வெச்சு நடந்து வந்து, நின்னு, கைல ஒண்ணுக்கு இருந்து காலத் தேய்ச்சுக்குச்சு, மறுபடி நடந்து ஒரு பூச்சிய லபக்குனு புடிச்சு கண்ண மூடிக்கிட்டு மென்னுச்சு. நாங்க மூச்சு விடல.

இதையெல்லாம் தம்பிகிட்ட சொல்லி முடிக்கறப்ப பத்தரை. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "புரியுது சார்... குடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமா?"ன்னு கேட்டார்.