மக்காவ் இறகில் நீலச் சாயம் இல்லை

தூண்டில் ஈ (மீனை ஏமாற்ற இறகால் கட்டும் போலி இரை) கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மக்காவ் கிளியின் வால் இறகைச் சோப்புத் தண்ணீரில் அலசினால் நீலம் வெளுக்குமா?" வெளுக்காது. வெளுப்பதற்கு அதில் நீலச் சாயமே கிடையாது.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சாலமன் மீன் பிடிக்க, கொக்கியைச் சுற்றி வண்ண இறகுகளைக் கட்டும் கலை உச்சத்தில் இருந்தது. 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற ஈயில் இரண்டு மக்காவ் இழைகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் வைப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு!

அந்தக் கொம்பு இழையைப் புரட்டிப் பாருங்கள். மேலே நீலம், கீழே மஞ்சள். மஞ்சள் நிஜமான நிறமி. பூநாரை தின்பதிலிருந்து நிறம் பெறுகிறது. கிளியோ தன் நிறமியை வளரும் இறகுக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறது. கிளி இனத்துக்கு மட்டுமே உரிய சரக்கு அது.

நீலத்தின் கதை வேறு. இழைக்குள் கெரட்டின் புரதம் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரம் ஓட்டைகள் அடங்கும்; அவற்றின் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அளவுக்கு நீல ஒளியின் அலைகள் மட்டும் ஒன்றோடொன்று இசைந்து, வலுத்துத் திரும்புகின்றன. சிவப்பும் பச்சையும் உள்ளே போய், அடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியில் அடங்கிவிடுகின்றன. உதிர்ந்த நீல இறகு ஒன்றை அம்மியில் வைத்து நசுக்கினால் ஓட்டைகள் சிதைந்து அழுக்குப் பழுப்புதான் மிஞ்சும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலும் நீலம் காணாமல் போகும். சாயம் தோய்த்த வாத்து இறகோ அப்போதும் நீலமாகவே நிற்கும். கடைக்காரர் தருவது அசலா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இதே நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி படிந்தால் பச்சைக்கிளி. பட்ஜெரிகர் கிளிகளில் மஞ்சளைத் தயாரிக்கும் நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலே பச்சைப் பறவை நீலமாகிவிடும் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள்.

மீனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? முட்டையிட ஆறேறும் சாலமன் இரையெடுப்பதையே நிறுத்திவிடுகிறது. ஆனாலும் கொக்கியைக் கடிக்கிறது, சாயமிட்ட வாத்து இறகையும் கடிக்கிறது. 'அசல் இறகுக்குத்தான் மீன் மயங்கும்' என்பது, என்னைக் கேட்டால், சுத்த மூடநம்பிக்கை.

அந்த மோகத்தின் விலை பெரியது. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைகள் திருடுபோயின. திருடியவர் ஈ கட்டுவதில் வித்தகரான ஓர் இசை மாணவர். இறகுக்காகப் பல பறவைகளின் சீட்டுகள் பிய்க்கப்பட்டன. எங்கே, எப்போது கிடைத்த பறவை என்ற சீட்டு போய்விட்டால், ஆய்வாளருக்கு அதனால் பெரிய பயனில்லை.