குளிர்கால வீட்டுக்கு ஈரம் ஊட்டும் பெட்டி

அமெரிக்காவின் டென்வர் நகரில் குளிர்காலம் வந்தால், வீட்டுக்குள் கதவுக் குமிழைத் தொட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கும். உதடு வெடிக்கும், மரத்தரையில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழும். வெளியே பனி கொட்டிக் கிடக்க, உள்ளே ஏன் இந்த வறட்சி?

குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 கிராம்தான். 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். இடுக்குகள் வழியே நுழையும் வெளிக்காற்று சூடாகும்போது அந்த 2 கிராம் கூடுவதில்லை. ஈரப்பதம், அதாவது தாங்கக்கூடிய 17 கிராமில் உண்மையில் இருக்கும் பங்கு, 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

அங்கே வீட்டுக்காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவது ஃபர்னஸ் என்னும் கருவி. வீடு முழுவதற்கும் ஈரம் தர, அந்தக் குழாயிலேயே ஹியூமிடிஃபையர் என்னும் ஈரம் ஊட்டும் பெட்டியைப் பொருத்துகிறார்கள். பரவலாக இருப்பது பைபாஸ் வகை. ஃபர்னஸிலிருந்து வெப்பக்காற்று கிளம்பும் குழாயில் அழுத்தம் அதிகம். வீட்டுக்காற்று திரும்பிவரும் குழாயில் குறைவு. இரண்டையும் இணைத்து நடுவில் பெட்டியை வைத்தால் காற்று தானே ஓடும், தனி விசிறி வேண்டாம். பெட்டிக்குள் அலுமினிய வலையால் ஆன ஒரு பேட். மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு திறந்ததும் தண்ணீர் மேலிருந்து அதில் வழிகிறது. ஊடே போகும் சூடான காற்று கொஞ்சத்தை ஆவியாக எடுத்துக்கொள்ள, மிச்சம் வடிகாலுக்குப் போகிறது. வீண்தான், ஆனால் உப்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போவது அந்த மிச்சத் தண்ணீர்தான். அப்படியும் பேட்டில் சுண்ணாம்பு படியும். சீசனுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கொடுப்பது ஃபர்னஸ், அதாவது உங்கள் கேஸ் பில். அதனால் முதலில் ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டு அப்புறம் பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

பலர் சறுக்குவது, எவ்வளவு ஈரப்பதம் வேண்டும் என்று அளவு வைக்கும் ஹியூமிடிஸ்டாட்டில். 45 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். 20 டிகிரி அறையில் 40 சதவீத ஈரம் இருந்தாலே, 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். முதலில் ஜன்னல் கண்ணாடி வியர்க்கும். சட்டத்தின் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை தெரியும். சுவருக்குள்ளும் பரணிலும் அதுவே நடந்தால் கண்ணில் படாது. வெளியே குளிர் ஏற ஏற அளவைக் குறைக்க வேண்டும்: மைனஸ் 18 டிகிரியில் 25 சதவீதம் போதும். வெளி வெப்பநிலையை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

கோடை வந்ததும் பைபாஸ் குழாயின் தடுப்பை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏசியின் குளிர்ந்த காற்று அறைகளுக்குப் போகாமல் அதன் வழியே திரும்பிவிடும்.