கிராங்க் கிரைண்டிங்குக்கு முன் பேரிங் கையில் இருக்கட்டும்

எஞ்சினைப் பிரித்துக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டை எங்கள் பட்டறை மேசையில் வைத்த கையோடு "இருபது சைஸ் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஜர்னலை, அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதியை, அரைத்து விட்டத்தை 0.020 அங்குலம் குறைத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். எந்த ஜர்னல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அந்த அண்டர்சைஸில், அதாவது குறைத்த ஜர்னலுக்கு ஏற்ற அளவில், நல்ல பேரிங் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டும் இருக்க மாட்டார்கள். கிரைண்டிங் முடிந்தபின் அந்த அளவில் பேரிங் கிடைக்காமல் மீண்டும் முப்பதுக்கு (0.030 அங்குலம்) இறக்க நேர்ந்தால், கிராங்குக்கு எஞ்சியிருந்த ஆயுளில் ஒரு படி வீணாகிவிடும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். அதன் 1489 சிசி பிஎம்சி எஞ்சினில், கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் மூன்று. மெயின் ஜர்னல் 2 அங்குலம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராட் பொருந்தும் ஜர்னலான கன்ராட் பின் ஏறத்தாழ 1.876 அங்குலம். மைக்ரோமீட்டரைப் பின்னின் ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தொண்ணூறு டிகிரி திருப்பி மீண்டும் பார்க்க வேண்டும்; பின்பு இரு ஓரங்களிலும் அவ்வாறே பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 1.8755, குறுக்கே 1.8735 என்று காட்டினால் பின் நீள்வட்டமாகிவிட்டது என்று அறியலாம். அதற்கு 0.010 அங்குலம் இறக்கினாலே போதும். இருபதுக்குத் தாவ வேண்டியதில்லை. ஆனால் ஒரு பின் அப்படியிருந்தாலும் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே முறை.

அளவு முடிவானதும் முதலில் பேரிங்கை வாங்க வேண்டும். அதைக் கன்ராடில் பொருத்தி, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட்டை முறுக்கி, போர் கேஜ் கொண்டு உள்விட்டத்தை அளந்தபின்தான் பின்னை எவ்வளவு அரைப்பது என்று தீர்மானிக்க முடியும். ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் இடையே, ஓர் அங்குல விட்டத்துக்கு 0.001 அங்குல இடைவெளி என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்பி அரைத்தால், பலமுறை பிரித்து முறுக்கப்பட்டு வட்டம் குலைந்திருக்கும் கன்ராடின் குறை கணக்கில் வராமலே போய்விடும்.

பேரிங்கின் உட்புறத்தைச் சுரண்டும் பழக்கம் இன்றும் சில இடங்களில் இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கிப் பேரிங்காக ஊற்றிய காலத்தில் ஸ்கிரேப்பர் பிடிக்கத் தெரிந்தவரே கைதேர்ந்த மெக்கானிக், அதில் தவறில்லை. இப்போதைய மூன்றடுக்கு பேரிங்கில் எஃகு முதுகின் மேல் தாமிர-ஈயக் கலவையும், அதற்கும் மேலே பொதுவாக 0.02 மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள மென்பூச்சும் இருக்கின்றன. எண்ணெயில் வரும் நுண்துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு ஜர்னலைக் காப்பது அந்த மென்பூச்சுதான். எமரி தாளை நான்கு முறை இழுத்தால் அது போய்விடும்.

ஆயில் பிரஷர் குறைந்த வண்டிக்குச் செலவில்லாத வைத்தியமாகக் பேரிங்கின் ஒரு பாதியைத் தாங்கிப் போல்ட்டால் இறுக்கப்படும் கேப்பின் முகத்தை அரத்தால் தேய்த்துக் கொடுப்பதும் இதே ரகந்தான். அப்படிச் செய்தால் மேல்கீழ் அளவு மட்டும் சுருங்கித் துளை நீள்வட்டமாகிறது. பிரஷர் மானியில் முள் சிலகாலம் ஏறி நிற்கும், பிறகு பேரிங் பிடித்துக்கொள்ளும். பேரிங்கின் பாதியான அரைவட்ட ஷெல்லின் விளிம்பு துளையைவிட மயிரிழை உயர்ந்து நிற்பதைப் பிசிறு என்று நினைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. போல்ட்டை முறுக்கும்போது ஷெல்லை முதுகோடு அழுத்திப் பிடிப்பதற்காகவே அந்த உயரம் விடப்பட்டிருக்கிறது.

கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம், ஜர்னலும், அதை அடுத்த ஜர்னலோடு இணைக்கும் கையான வெப்பும் (web) சேரும் மூலை. அங்கே வளைவாக ஒரு ரேடியஸ் இருக்க வேண்டும். கிரைண்டிங் கல்லின் முனையைச் சரியாகச் செதுக்காமல் அரைத்துவிட்டால் மூலை கூர்மையாகி, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நெடுஞ்சாலையில் கிராங்க் இரண்டாக ஒடிந்த வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். அடுத்து, எண்ணெய்த் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். உள்ளே தங்கிய கல் தூள், எஞ்சினை ஓட்டிய முதல் நாளிலேயே புதுப் பேரிங்கைக் கோடு கோடாக்கிவிடும்.

எல்லாக் கிராங்கையும் அரைக்கலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. நைட்ரைடிங் செய்து மேற்பரப்பைக் கடினப்படுத்திய கிராங்கில் அந்த அடுக்கு மெல்லியது. அரைத்தால் கடினம் போய்விடும், மறுபடி செய்து தர எல்லா ஊரிலும் வசதி இல்லை. சுசுகி, ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில், பிளாக்கிலும் கிராங்கிலும் அடித்திருக்கும் குறிகளைச் சேர்த்துப் பார்த்து, நிறக்குறியுள்ள பேரிங்குகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேய்மானம் இல்லாத கிராங்குக்கு அந்த நிறத் தேர்வே போதுமானது.

பில்லில் "கிராங்க் கிரைண்டிங்" என்று ஒற்றை வரியோடு விடாமல், ஒவ்வொரு ஜர்னலின் இறுதி அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அளந்து வேலை செய்த பட்டறைக்கு அதில் சிரமம் எதுவும் இராது.