ஆன்டாசிட் என்றால் அமிலமுறி

செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டரில், ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு மருந்துக்கடைக்கு வருபவர், "அண்ணாச்சி, நெஞ்சு கரிக்குது, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்பார். ஆரியங்காவுப் பக்கத்து மலையாளிக்கு அதுவே 'புளிச்சுதிகட்டல்'. அல்வா அதிகமானால் நாம் சொல்லும் திகட்டலை, தொண்டைவரை ஏறிவரும் புளிப்புக்கு அவர்கள் வைத்திருக்கிறார்கள். நோயின் குணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்தக் கரிப்புக்குக் கொடுக்கும் மருந்தின் ஆங்கிலப் பெயரான ஆன்டாசிட் என்பதிலும் புளிப்புதான். கிரேக்க 'ஆன்டி' என்றால் எதிர். லத்தீன் 'அசிடஸ்' என்றால் புளிப்பான. நம்முடைய அமிலமும் வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்தது, அதற்கும் புளிப்பு என்றே பொருள். தனித்தமிழில் எழுதுபவர்கள் காடி என்பார்கள். புளித்த கஞ்சிக்கு இருந்த பழைய பெயர்.

அகராதிகளில் அமில நீக்கி, அமில எதிர்ப்பி, அமிலமுறி என்று பார்க்கலாம். நான் அமிலமுறியையே எடுப்பேன். நஞ்சை முறிப்பது நஞ்சுமுறி இல்லையா, அதே முறிதான் இங்கேயும். வயிற்றில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824-இல் அதை உறுதிசெய்தார். மாத்திரையில் இருக்கும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அந்த அமிலத்தோடு சேர்ந்ததும் உப்பும் தண்ணீரும் ஆகிவிடும், புளிப்பு முறிந்துவிடும். சோடா உப்பு சேர்ந்த பொடியென்றால் கரியமில வாயுவும் கிளம்பும்; குடித்த கையோடு வரும் பெரிய ஏப்பம் அதுதான். மெக்னீசியம் வயிற்றை இளக்கும், அலுமினியம் ஹைட்ராக்சைடு மலத்தைக் கட்டும். அதனால்தான் பல மருந்துகளில் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி நேரம் தாங்கும், சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் இன்னும் கூடுதலாக. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

சரி, கேஸ் மாத்திரை என்ற பெயரில் என்ன தவறு? காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோலையும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சுரந்த அமிலத்தைத் தொடுவதில்லை, சுரப்பதையே குறைக்கிறது. அதை நெஞ்சு கரிக்கும்போது போட்டுவிட்டு, உடனே கேட்கவில்லையே என்று இன்னொன்று போடுகிறவர்கள் உண்டு. அதற்கு அமிலத்தடுப்பி என்று தனிப்பெயர் வைக்கலாம். இப்போது எரிகிறதா, அமிலமுறி என்று கேட்டு வாங்குங்கள்.