விசுவாசம்: ஒரு சொல், இரு பொருள்

எஜமான விசுவாசம், கட்சி விசுவாசம் என்று நாம் நாள்தோறும் வழங்கும் ‘விசுவாசம்’ என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. அதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது என்று தேடுமுன் அதன் பொருளைப் பார்க்க வேண்டும். அம்மொழியில் ‘ச்வஸ்’ என்னும் வினையடிக்கு மூச்சு விடுதல் என்பது பொருள். ‘வி’ என்னும் முன்னொட்டு அதனோடு சேர்ந்து, அச்சமின்றி ஆற அமர மூச்சு விடும் நிலையையும், அதன் வழியே ஒருவரை ஐயமின்றி நம்பும் மனநிலையையும் குறிக்கலாயிற்று. சுவாசம், ஆசுவாசம் ஆகியவையும் அதே அடியில் பிறந்த சொற்களே. ‘ச்வ’ என்னும் மெய்க்கூட்டு தமிழ் ஒலியமைப்புக்கு ஒவ்வாததால், ‘ஈச்வரன்’ ஈசுவரன் ஆனதைப் போலவே இங்கும் இடையில் உகரம் புகுந்தது.

இந்தியிலும் மலையாளத்திலும் இச்சொல் பெரும்பாலும் நம்பிக்கை என்ற பொருளிலேயே நிற்கிறது. தமிழிலோ அதன் திசையே மாறிவிட்டது. விசுவாசமான வேலைக்காரர் என்னும்போது, முதலாளியை நம்புகிறவர் என்று நாம் கருதுவதில்லை. முதலாளியின் நம்பிக்கைக்கு உரியவர், அவரை எந்நிலையிலும் காட்டிக்கொடுக்காதவர் என்றே கொள்கிறோம். நம்பும் மனத்தைக் குறித்த சொல், நம்பியவருக்குப் பிழை செய்யாத ஒழுக்கத்தைக் குறிக்கத் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் வழங்கிய ‘இராஜ விசுவாசம்’ இந்தப் பொருளையே கொண்டது. அதன் மறுதலையான இராஜத் துரோகமே 1908-இல் வ.உ.சிதம்பரனார் மீது சுமத்தப்பட்ட குற்றம்.

பழைய பொருள் அழியாமல் நிலைத்திருப்பது கிறித்தவத் தமிழில்தான். சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபையினரின் விவிலியத்தில் திருத்தூதர் பவுல் கூறும் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று அமைந்திருக்க, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று தந்தது. விசுவாசம் இருந்த இடத்துக்கு நம்பிக்கை வந்ததால், நம்பிக்கை இருந்த இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ தேவைப்பட்டது. ஒரு சொல்லை மாற்றினால் அதன் அண்டைச் சொல்லும் இடம்பெயரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒரே தமிழ்ச் சொல்லை இரு பொருளுக்கும் பொருத்த முயல்வது வீண். இறைவனிடத்தும் கொள்கையிடத்தும் கொள்ளும் உளத்தெளிவுக்கு ‘நம்பிக்கை’ போதும். நாட்டுக்கோ இயக்கத்துக்கோ மாறாமல் நிற்பதற்குப் ‘பற்றுறுதி’ பொருந்தும். உண்டவருக்கு ஊட்டியவர்பால் உள்ள கடப்பாட்டுக்குச் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்னும் தொடர் இருக்கிறது. கர்ணனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அத்தொடரின் அழுத்தம் ‘விசுவாசம்’ என்பதில் இல்லை. படைச்செருக்கு அதிகாரத்தின் இறுதிக் குறளில் (780) வள்ளுவர் இவ்வுணர்வை வீரனின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கவில்லை. ‘புரந்தார்’, அதாவது தன்னைப் பேணிய தலைவர், கண்ணீர் பெருக்கும்படி நேரும் சாவே இரந்தேனும் கொள்ளத்தக்கது என்கிறார். பேணியவரின் அன்பும் அங்கே சேர்த்து எண்ணப்படுகிறது.

பெயர்ச்சொல்லே இல்லாமலும் தமிழ் இதைச் சொல்லியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமை மந்தையைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே நாயொன்றின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்ளரைக் கடித்துக் ‘காத்திருந்தவாறு’ என்று எழுத்துப் பொறிப்பு கூறுகிறது. நாயின் குணத்தைப் புகழும் அடைமொழி எதுவும் அதில் இல்லை, செய்த செயலே பேசுகிறது.

இன்றைய எழுத்தில் ‘விசுவாசமாக இருந்தார்’ என்பதை இடத்துக்கேற்ப ‘உண்மையாக இருந்தார்’ என்றோ ‘பற்றுறுதியோடு நின்றார்’ என்றோ எழுதலாம். விசுவாசத் துரோகத்துக்கு ‘நம்பிக்கைத் துரோகம்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. துரோகமும் வடசொல் என்பதால் ‘இரண்டகம்’ என்பாரும் உண்டு. திருச்சபை வழக்கில் உள்ள ‘விசுவாசி’யை மட்டும் நான் மாற்றத் துணியமாட்டேன். அங்கே அது ஒரு சமூகம் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர்; ‘பற்றுறுதியாளர்’ என்று மாற்றினால் பொருளே பிறழ்ந்துவிடும்.