‘டிரைவர்தானே சார், டவுன்லோட் பண்ணிப் போட்டாச்சு’

ஏப்ரல், மே இடிமழை நீலகிரியில் எதை விட்டுவைத்தாலும் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டை, அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தை, விட்டுவைப்பதில்லை. அதற்கப்புறம் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கதைதான். மதர்போர்டு போய்விட்டது, கோயம்புத்தூரில் புது போர்டு வாங்கி வந்தாயிற்று, பச்சை இலைக் கணக்கு ஓடும் பழைய லினக்ஸ் அதே டிஸ்க்கிலிருந்து எப்படியோ பூட் ஆகிறது, நெட்வொர்க் மட்டும் இல்லை. இதுவரை யார் மேலும் தப்பில்லை. அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிரஷரை ஏற்றுகிறது.

கடைசியாக வந்த மெஷினில் இருந்தது சென்டோஸ் 6 என்ற பழைய லினக்ஸ் தொகுப்பு. அதன் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராம், 2.6.32, அதாவது 2009 டிசம்பரில் வெளிவந்த பதிப்பை வைத்துக் கட்டியது. புது போர்டில் இருந்த லேன் சிப் இன்டெல் ஐ225. அந்தச் சிப்பை இயக்கும் ஐஜிசி என்ற டிரைவர் லினக்ஸில் சேர்ந்ததே 2018 டிசம்பரில், 4.20 பதிப்பில். ஒரு பையன் புதிய கெர்னலின் சோர்ஸிலிருந்து அந்த டிரைவரை மட்டும் எடுத்து, பிழை காட்டிய வரிகளை அழித்தும் மாற்றியும் ஒருவழியாகக் கம்பைல் செய்துவிட்டான், அதாவது மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிவிட்டான். கேபிளைச் செருகியதும் மெஷின் உறைந்தது. பவர் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி செருகி... டேட்டாபேஸ் உடைந்தது. சிறு விவசாயிகளுக்கு மாதக் கடைசியில் பணம் போட வேண்டிய கணக்கு அது. இப்போது ரசீதுக் கட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

டிரைவர் என்பது எங்கே போட்டாலும் ஓடும் ஒரு ஃபைல் இல்லை. அது கெர்னலின் உள்ளே, கெர்னலின் மெமரியில், கெர்னலின் அதிகாரத்தோடு ஓடுகிற துண்டு. சாதாரண புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் சாகும். டிரைவர் தவறு செய்தால் மொத்த மெஷினும் போகும். பழைய புரோகிராம்கள் புதிய கெர்னலிலும் ஓட வேண்டும் என்பதில் லினக்ஸ்காரர்கள் பிடிவாதமானவர்கள். ஆனால் கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களுக்கு அப்படி எந்த வாக்கும் கிடையாது. உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், தெரிந்தேதான் மாற்றுகிறார்கள்.

அந்தப் பையன் செய்ததையே பாருங்கள். பழைய கெர்னலில் டைமர் (குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்கும் அலாரம்) வைக்க செட்டப்_டைமர் என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. 4.15-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் இருப்பது டைமர்_செட்டப். பெயர் முன்பின்னாக மாறியதுபோல் தெரிவதால், புதிய பெயர் வரும் இடத்தில் எல்லாம் பழைய பெயரைப் போடும் ஒரு வரி மேக்ரோ எழுதிவிட்டான். பழையதில் மூன்றாவதாகக் கொடுப்பது, டைமர் அடிக்கும்போது நம் கைக்குத் திரும்பி வரும் மதிப்பு. புதியதில் மூன்றாவது வெறும் ஃபிளாக் (டைமர் எப்படி ஓட வேண்டும் என்ற குறிப்பு), ஐஜிசியில் அது பூஜ்யம். திரும்பி வருவது டைமரின் மெமரி முகவரி என்று நம்பித்தான் ஐஜிசி எழுதப்பட்டிருக்கிறது. ஆக, டைமரின் முகவரி வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தது. கேபிள் இணைந்ததும் ஐஜிசி முதலில் தட்டி எழுப்புவதே அந்த டைமரைத்தான்! கம்பைலர் எச்சரித்திருக்கும். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? டைமரின் முகவரியையே அந்த மூன்றாவது இடத்தில் கொடுத்திருந்தால் இந்த ஓட்டையாவது அடைபட்டிருக்கும். கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காக வரிகளை அழிப்பது செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை.

இன்னொரு தலைவலி: சென்டோஸ் 6-இல் 2.6.32-754 என்று இருக்கும் கெர்னல் அசல் 2.6.32 இல்லை. சென்டோஸுக்கு மூலமான லினக்ஸைத் தயாரிக்கும் ரெட் ஹாட் நிறுவனம் பின்னாளில் வந்த பலவற்றை அதற்குள் திணித்திருக்கிறது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் டிரைவர் அங்கே குழம்பும். கம்பைல் செய்த டிரைவர் (மாட்யூல்) கெர்னலில் ஏறவில்லை என்றால், அதை ஏற்றும் ‘மோட்புரோப்’ கட்டளையில் ‘-எஃப்’ போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

அப்புறம் என்னதான் செய்வது? போர்டில் கூடுதல் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்டெல் 82574எல் சிப் உள்ள பழைய லேன் கார்டு ஒன்றைச் செருகுங்கள். 2.6.32-க்கு அந்தச் சிப்பை ஏற்கெனவே தெரியும். முக்கால்வாசிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்லாட் இல்லையா? புது டிஸ்க்கில் இன்றைய லினக்ஸைப் போட்டு, பழைய சிஸ்டத்தை அப்படியே கேவிஎம் மெய்நிகர் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரால் ஆன இன்னொரு கம்ப்யூட்டராக, உள்ளே ஓட்டுங்கள். புதுச் சிப்பை வெளியே உள்ள கெர்னல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பதற்கு இ1000 என்ற பழைய கார்டு இருப்பதாகக் காட்டினால் போதும். எடை மெஷின் தொங்கும் சீரியல் போர்ட்டையும் உள்ளே கொடுத்துவிடலாம்.

சிப் பழைய குடும்பம்தான், அதன் அடையாள எண்ணான ஐடி மட்டும் புதிது என்றால், டிரைவரின் ‘நியூ_ஐடி’ என்ற ஃபைலில் அதை எழுதினாலே சில டிரைவர்கள் பிடித்துக்கொள்ளும். வேறு குடும்பத்துச் சிப்பில் இதை முயலாதீர்கள்.

நெட்வொர்க் வந்த சந்தோஷத்தில் இன்டர்நெட்டையும் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. சென்டோஸ் 6-க்கான அப்டேட் 2020 நவம்பர் 30-உடன் நின்றுவிட்டது. அதற்குப் பின் தெரியவந்த ஓட்டைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. ஃபேக்டரிக்குள் மட்டும் ஓடட்டும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் டிஸ்க்கை முழுசாக இமேஜ் (அச்சு அசலான நகல்) எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவிலிருந்து நீக்காதீர்கள். சோதனையை வேறு மெஷினில் செய்யுங்கள், கணக்கு மெஷினில் வேண்டாம். எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், இடி வந்தால் கேபிளைக் கழற்றுங்கள். போர்டு வாங்கக் கீழே இறங்கும் முன் சிப்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ -என்என்’, கெர்னல் பதிப்பைச் சொல்லும் ‘யுநேம் -ஆர்’ ஆகிய இரண்டு கட்டளைகளும் காட்டுவதைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். போர்டு ஏற்கெனவே செத்துவிட்டதென்றால், டிஸ்க்கை இன்னொரு மெஷினில் ரீட்-ஒன்லியாக (எதுவும் எழுதப்படாமல் படிக்க மட்டும்) மவுண்ட் செய்து, கெர்னல் இருக்கும் ‘/பூட்’ ஃபோல்டரைப் படம் எடுத்தால்கூடப் போதும். எந்தக் கார்டு வாங்கலாம் என்று அதை வைத்தே சொல்லிவிடுவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.