சிலிண்டர் தீருகிற நாள்

"சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறினால் என்ன, நாலு டீக் காசுதானே? இதற்காகவா ஒரு குடும்பம் விறகடுப்புக்குத் திரும்பும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2025 ஏப்ரலில் விலை ஏறி, சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆன சமயத்தில் வந்த கேள்வி.

வருமானம் குறைந்த வீட்டில் அதே 50 ரூபாய் பெரிய பங்கு என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. அதை விட்டுவிடலாம். எனக்குப் பிடித்த சங்கதி சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம், அதற்கு மேல் கொஞ்சம் ஆவி. அடுப்பைத் திறந்தால் ஆவி வெளியேறும். உடனே திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். இந்த ஆவியின் அழுத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது வெப்பநிலை. மிச்சம் எவ்வளவு திரவம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பத்து கிலோ இருந்தாலும் கால் கிலோ இருந்தாலும் சுடர் அதே நீலம்தான். கடைசித் திரவமும் போன பிறகுதான் அழுத்தம் விழும், குழம்பு பாதிக் கொதியில் நிற்கும். மண்ணெண்ணெய் என்றால் கேனைப் பார்த்தாலே தெரியும். விறகுக்கட்டு கண்ணெதிரே சிறுத்துக்கொண்டு வரும். கேஸ் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போகும்.

பரமக்குடிப் பக்கம் இருக்கும் என் அத்தை ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுக் காத்திருப்பார். ஆவி இருக்கும் மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் இடம் வரை ஈரம் நிற்கும். அந்த ஈரக்கோடு கீழே இறங்கிவிட்டால், கேஸ் தீர்வதற்குப் பல நாள் முன்னதாகவே சோறு வடிப்பதைக் கருவேல விறகுக்கு மாற்றிவிடுவார். கேஸ் காலை டீக்கும் விருந்தாளிக்கும் மட்டும்.

ஏன்? தீர்ந்த அன்றைக்கு முழுத்தொகையும் கையில் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் கூலி 336 ரூபாய். அன்றைய விலையில் ஒரு சிலிண்டர் என்பது இரண்டரை நாள் கூலிக்கும் மேல். ஏழை வீடுகளுக்கு ஒன்றிய அரசு தரும் கேஸ் இணைப்பான உஜ்வலாவுக்கு அந்த ஆண்டு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் இருந்தது, சரி. ஆனால் 2015இல் வந்த நேரடி மானிய முறைப்படி முதலில் முழு விலையையும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் வங்கிக்கு வரும். உஜ்வலாவில் இல்லாத பெரும்பாலான வீடுகளுக்கு 2020 நடுவிலிருந்து அதுவும் இல்லை.

விறகு மலிவா என்றால், அதுவும் இல்லை. ஒரு சிலிண்டரின் வெப்பத்தில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 400 மெகாஜூல். மண்ணடுப்பில் ஒரு கிலோ காய்ந்த விறகு எரித்தால் பானைக்குப் போவது சுமார் 2 மெகாஜூல்தான், மிச்சமெல்லாம் காற்றுக்கு. ஆக ஒரு சிலிண்டருக்கு ஈடாக 200 கிலோ விறகு வேண்டும். கிலோ 5 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,000 ரூபாய்! விலைக்கு வாங்குகிறவர்களுக்கு விறகுதான் அதிகச் செலவு. ஆனால் அதை இன்றைக்கு 20 ரூபாய்க்கு வாங்கலாம், காசே இல்லாவிட்டால் பொறுக்கவும் செய்யலாம்.

பணம் முன்னாலேயே கைக்கு வந்தால் கேஸ் வாங்குவார்கள் என்பது அரசு தந்த எண்ணிக்கையிலும் தெரிகிறது. 2019-20இல் ஓர் உஜ்வலா வீடு சராசரியாக வாங்கியது 3 சிலிண்டர். 2020-21இல் அது 4.39. கொரோனா ஊரடங்கின்போது மூன்று சிலிண்டருக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் போட்டார்கள். இலவசம் என்பதும் எல்லோரும் வீட்டிலேயே இருந்ததும் சேர்ந்த விளைவு அது, மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு 3.68க்கு இறங்கிவிட்டது.

எல்லோருக்கும் பொதுவான எரிபொருள் மானியத்தில் பெரும்பங்கு வசதியானவர்களுக்கே போகிறது. காருக்குப் பெட்ரோல் போடுகிறவர் யார் என்று பார்த்தாலே போதும். அதனால் மானியத்தைக் குறைப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மானியப் பணம் முதலில் வருகிறதா, விலை முதலில் ஏறுகிறதா என்பதுதான் என் சண்டை. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் விலையை ஏற்றியபோது, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முன்னாலேயே கணக்கில் போட்டுவிட்டது. விலை ஏறுகிற நாள் வரை அதைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. பிற்பாடு விலைவாசி அந்தத் தொகையைத் தின்றுவிட்டது என்றாலும், வரிசை சரியான வரிசை.

நடுவே, 'விறகடுப்புச் சோறுதான் உடம்புக்கு நல்லது' என்று ஏசி அறையிலிருந்து எழுதுகிறவர்கள் ஒரு மாதம் ஊதாங்குழலைப் பிடித்துப் பார்க்கலாம்.

உஜ்வலாவில் 5 கிலோ சிலிண்டரும் வாங்கலாம், ஒரே தடவையில் பெரிய தொகை போகாது என்று அத்தையிடம் விளக்கினேன். அரிசியைக் களைந்துகொண்டே கேட்டார்: "அதுவும் சொல்லாமத்தானப்பா தீரும்?"